தூங்கிட்டிருந்தவரைக் கொன்றது தற்காப்பா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வார எபிசோட் கொஞ்சம் கனமானது. அடி, தீக்காயம், கொலை எல்லாம் பேச்சுல வரும். இப்போ கேட்க மனசு சரியில்லைன்னா, தள்ளி வச்சுட்டு அப்புறமா வாங்க. தப்பே இல்ல.

கேள்வி இதுதான். வருஷக்கணக்கா தன்னை அடிச்சு சித்திரவதை பண்ற கணவனை ஒரு பெண் கொன்னுட்டா, அது நியாயமா?

இதை உங்க ஃபிரெண்ட்ஸ்கிட்ட கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் "அவனுக்கு நல்லா வேணும்"னு சொல்வாங்க. மீதிப் பேர் "என்ன இருந்தாலும் சட்டத்தைக் கையில எடுக்கக் கூடாதுப்பா"ன்னு சொல்வாங்க. ரெண்டுமே டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடுற பதில். ஆனா இதே கேள்வி கோர்ட்ல நிக்கும்போது, ஒரு பெண்ணோட மிச்ச ஆயுசு அதுல தொங்கிட்டிருக்கும். அதனால நிதானமா பார்ப்போம்.

சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிற உரிமை

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையை ஓரமா வச்சிடலாம். "எந்த நிலைமையிலயும் இன்னொரு உயிரை எடுக்க சட்டம் அனுமதிக்காது"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நம்ம சட்டம் அனுமதிக்குது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல அது 100-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1-லேர்ந்து அமல்ல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல 38-ஆவது பிரிவு. தற்காப்புக்காக ஒருத்தர் மரணம் வரைக்கும் போகக்கூடிய சூழ்நிலைகளை அது பட்டியல் போடுது. உயிர் போயிடும்னு பயம், கொடுங்காயம் ஆயிடும்னு பயம், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு இதெல்லாம் அதுல வருது.

இதுல "கொடுங்காயம்"ங்கிற வார்த்தையை கவனிங்க. சாவு பயம் இருந்தாத்தான்னு இல்ல. எலும்பு உடையறது, பல் உடையறது, கண் பார்வை போறது எல்லாமே சட்டத்தோட கணக்குல கொடுங்காயம்தான். அந்த பயம் நியாயமானதா இருந்தா போதும். அதோட, காப்பாத்தறது உங்க உடம்பாத்தான் இருக்கணும்னு இல்ல, இன்னொருத்தர் உடம்பாவும் இருக்கலாம்.

2012-ல மதுரையில நடந்தது ஞாபகம் இருக்கலாம். குடிச்சிட்டு வந்து பெத்த மகள்கிட்டயே தப்பா நடக்கப் பார்த்த கணவனை, அந்தத் தாய் கிரிக்கெட் பேட்டால அடிச்சாங்க. அவர் இறந்துட்டார். அப்போ மாவட்ட எஸ்.பி.யா இருந்தவர் அஸ்ரா கார்க். இது 100-ஆவது பிரிவுல வர்ற தற்காப்புன்னு சொல்லி, அந்தப் பெண்ணைக் கொலை வழக்குல ஜெயிலுக்கு அனுப்பாம போலீஸ் விடுவிச்சது. அன்னைக்கு இது பெரிய செய்தி ஆச்சு. சட்டம் புதுசில்ல, அதை ஒரு போலீஸ் அதிகாரி தைரியமா எடுத்துப் பயன்படுத்தினதுதான் புதுசா தெரிஞ்சது.

இன்னொரு விஷயமும் இருக்கு. உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகள்ல சொல்லியிருக்கு: தாக்கப்படுற ஆள், தான் திருப்பி எவ்வளவு பலமா அடிக்கணும்னு தங்கத் தராசுல வச்சு எடை போட்டுட்டு இருக்க முடியாது. 2010-ல வந்த தர்ஷன் சிங் வழக்குல, ஆபத்து வரும்போது கோழை மாதிரி ஓடணும்னு சட்டம் எதிர்பார்க்கலைன்னும் தெளிவா சொல்லிடுச்சு. தற்காப்புன்னு நிரூபிக்கிற பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மேலதான் இருக்கு. ஆனா போலீஸ் தரப்பு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியதில்ல. "இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்"னு காட்டினா போதும்.

ஆக, அவன் கையில அரிவாளோட நிக்கும்போது, கழுத்தை நெரிக்கும்போது, அவ திருப்பி அடிச்சு அவன் செத்துட்டா, அது குற்றமே இல்ல. இதுல எனக்கு ஒரு துளி தயக்கமும் கிடையாது.

தடுக்கிறதும் தண்டிக்கிறதும்

இந்த உரிமைக்கு ஒரு எல்லை இருக்கு. அதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் வேற பக்கம் போய்ட்டு வரலாம்.

2016-ல சென்னையில ஒரு நாயை மொட்டை மாடியிலேர்ந்து தூக்கி எறிஞ்ச வீடியோ வந்துச்சே, நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அன்னைக்கு எத்தனை பேர் "அவனையும் அதே மாதிரி தூக்கிப் போடணும்"னு சொன்னாங்க! கோபம் புரியுது. மிருகவதை தடுப்புச் சட்டம் 1960-ல வந்தது. முதல் தடவை குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். இந்தக் காலத்துல ஒரு காபிக்குக்கூட பத்தாது. சட்டம் இவ்வளவு சோம்பேறியா இருந்தா கோபம் வரத்தான் செய்யும்.

சரி, ஒருத்தர் உங்க கண் முன்னாடி நாயை அடிச்சுக் கொல்லப் போறார். தடுக்கலாமா? தாராளமா. உங்க நாயா இருந்தா, சட்டத்தோட பார்வையில அது உங்க சொத்து. சொத்தைக் காப்பாத்த தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். அதுக்காக அந்த ஆளைக் கொல்ல முடியாது. சொத்துக்காக உயிரை எடுக்கலாம்ங்கிறது கொள்ளை, ராத்திரி வீடு உடைக்கிறது, வீட்டுக்குத் தீ வைக்கிறது மாதிரி சில சூழ்நிலைகளுக்கு மட்டும்தான். அவர் கத்தியை உங்க பக்கம் திருப்பினா கதை வேற, அது உங்க உடம்புக்கான தற்காப்பு. ஆனா நாயை எறிஞ்சு முடிச்சுட்டுப் போறவரைத் துரத்திப் போய் அடிக்கிறது தடுக்கிறது ஆகாது. அது தண்டனை.

தற்காப்பு உரிமையோட மொத்த அஸ்திவாரமும் இதுதான். நடக்கப் போறதை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. நடந்து முடிஞ்சதுக்குக் கணக்குத் தீர்க்க உரிமை கிடையாது. இதை மனசுல வச்சுக்கங்க. இப்போதான் கஷ்டமான இடத்துக்கு வர்றோம்.

கிரண்ஜித் அலுவாலியா

பஞ்சாப்ல பிறந்தவர், 1979-ல கல்யாணம் ஆகி இங்கிலாந்துல கணவரோட வாழ்ந்தவர். கல்யாணம் ஆனதுலேர்ந்து அடி. ரெண்டு தடவை கோர்ட்டுக்குப் போய் கணவருக்கு எதிரா தடை உத்தரவு வாங்கினாங்க. அடி நிக்கல. தற்கொலைக்கு முயற்சி பண்ணாங்க. 1989 மே மாசம் ஒரு ராத்திரி, கணவர் சூடான அயர்ன் பாக்ஸை அவங்க முகத்துக்குக் கொண்டு வந்து மிரட்டினார். அப்புறம் அவர் போய்த் தூங்கிட்டார். இவங்களுக்குத் தூக்கம் வரல. நடு ராத்திரி தாண்டினதும், தூங்கிட்டிருந்தவர் மேல பெட்ரோலை ஊத்திப் பத்த வச்சாங்க. சில நாள் கழிச்சு அவர் இறந்தார்.

இப்போ நம்ம அஸ்திவாரத்தை இங்க வச்சுப் பாருங்க. அவர் தூங்கிட்டிருந்தார். அந்த நிமிஷத்துல யாரையும் தாக்கல. பெட்ரோலும் சில நாள் முன்னாடியே வாங்கி வச்சது. அரசுத் தரப்புக்கு இது போதுமா இருந்தது. கொலைன்னு தீர்ப்பு, ஆயுள் தண்டனை.

சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ்ங்கிற பெண்கள் அமைப்பு இந்த வழக்கைக் கையில எடுத்துப் போராடுச்சு. 1992-ல அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணி மறு விசாரணைக்கு அனுப்புச்சு. தொடர் வன்முறையால அவங்க மனநிலை பாதிக்கப்பட்டிருந்ததுக்கு இருந்த மருத்துவ ஆதாரத்தை முதல் விசாரணையில யாரும் சரியா முன்வைக்கலைங்கிறதுதான் காரணம். கடைசியில கொலையை விடக் குறைஞ்ச குற்றமா ஏத்துக்கிட்டாங்க. அதுவரை ஜெயில்ல இருந்த காலமே தண்டனைன்னு சொல்லி விடுதலை பண்ணாங்க. ஐஸ்வர்யா ராய் நடிச்ச 'ப்ரோவோக்ட்' இவங்க கதைதான்.

ஆனா அந்த அப்பீல் கோர்ட் அவங்க செஞ்சது நியாயம்னு சொல்லல. தற்காப்புன்னும் சொல்லல. கொலை நடந்திருக்கு, ஆனா செஞ்சவங்களோட பொறுப்பு குறைவுங்கிற இடத்துலதான் வழக்கு முடிஞ்சது. இந்த வித்தியாசம் முக்கியம். கொஞ்ச நேரத்துல இதுக்குத் திரும்ப வர்றேன்.

'திடீர்' யாரோட வேகம்?

தற்காப்பு இல்லைன்னா, வேற என்ன வழி இருக்கு? கொலைக் குற்றத்துக்கு சட்டம் சில விதிவிலக்குகள் வச்சிருக்கு. முதல் விதிவிலக்கு, "கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்". தன்னடக்கம் போற அளவுக்கு ஒருத்தர் நம்மளைச் சீண்டி, அந்த வேகத்துல நாம கொன்னுட்டா, அது கொலை ஆகாது. அதுக்குக் கீழ இருக்கிற குற்றம் ஆகும்.

இந்தியாவுல இதோட பிரபலமான வழக்கு நானாவதி. 1959-ல பம்பாய்ல, மனைவியோட காதலனைச் சுட்டுக் கொன்ன கடற்படை அதிகாரி. மனைவி உண்மையைச் சொன்னதுக்கும் அவர் சுட்டதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட மூணு மணி நேரம். அந்த இடைவெளியில மனைவி, குழந்தைகளை சினிமாவுக்குக் கொண்டு போய் விட்டார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்தார். கோபம் தணிய நேரம் இருந்திருக்கு, அதனால இது திடீர் இல்லைன்னு 1961-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

ஒரு ஆண் கோபப்படுற விதத்தை வச்சுத்தான் இந்த விதியையே எழுதியிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. பார்த்தான், ரத்தம் கொதிச்சது, அடிச்சான். கையில பலம் இருக்கிறவனால அப்படிச் செய்ய முடியும். தன்னை விடப் பலசாலியான ஒருத்தர்கிட்ட பத்து வருஷமா அடி வாங்கற பெண், அவர் அடிக்கும்போது திருப்பி அடிச்சா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். முன்னாடி ஒரு தடவை கையைத் தூக்கினப்போ என்ன ஆச்சுன்னு அவ உடம்புக்கே ஞாபகம் இருக்கும். அதனால அவ திருப்பி அடிக்கிறது, அவர் திருப்பி அடிக்க முடியாத நேரத்துலதான் நடக்கும். சட்டம் அதைப் பார்த்து "யோசிச்சு, காத்திருந்து, தூங்கற ஆளைக் கொன்னிருக்கா"ன்னு படிக்குது. எது அவளோட பலவீனமோ, அதுவே அவ போட்ட திட்டமா மாறிடுது.

நியாயமா சொல்லணும்னா, நானாவதி தீர்ப்புலயே ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. இறந்தவர் முன்னாடி செஞ்ச செயல்கள் உருவாக்கின மனநிலையையும் கணக்குல எடுத்துக்கலாம்னு அதே தீர்ப்பு சொல்லுது.

கிணத்தடியிலேர்ந்து வந்த பெயர்

அந்த ஜன்னலைப் பெருசா திறந்தது நம்ம சென்னை உயர் நீதிமன்றம். 1989-ல ஒரு வழக்கு. கணவர் கொடுமை தாங்காம ஒரு பெண் குழந்தைகளோட கிணத்துல குதிச்சாங்க. குழந்தைகள் இறந்துட்டாங்க, தாய் பிழைச்சுட்டாங்க. பிழைச்சவங்க மேல கொலை வழக்கு. ஒரே நேரத்துல வர்ற ஆத்திரம் மட்டுமில்ல, நாள்பட சேர்ந்து சேர்ந்து ஒருத்தரை உடைக்கிற தொடர் ஆத்திரமூட்டலும் அந்த விதிவிலக்குக்குள்ள வரணும்னு நீதிமன்றம் பார்த்துச்சு. அந்த மனநிலைக்கு நீதிமன்றம் வச்ச பேரு 'நல்லதங்காள் சிண்ட்ரோம்'.

நல்லதங்காள் கதை நம்ம பாட்டிமார்களுக்கு மனப்பாடம். பஞ்சத்துல ஏழு பிள்ளைகளோட அண்ணன் வீடு தேடி வந்தவளை அண்ணி விரட்டியடிக்க, பிள்ளைகளைக் கிணத்துல போட்டுத் தானும் விழுந்தவ. அமெரிக்காவுல லெனோர் வாக்கர்ங்கிற உளவியலாளர் 1979-லயே அடிபடும் பெண்களோட மனநிலை பத்தி எழுதியிருந்தாங்க. நம்ம நீதிபதிகள் கையிலெடுத்த பேரு நம்ம ஊர்க் கதையிலேர்ந்து வந்தது. 2013-ல கௌஹாத்தி உயர் நீதிமன்றம், தன்னை அடிச்ச கட்டையைப் பிடுங்கிக் கணவனை அடிச்ச பெண்ணோட வழக்குல இந்த நல்லதங்காளை எடுத்துப் பேசி, கொலைக் குற்றத்தைக் குறைச்சது. தெற்குல ஒரு கிணத்துலேர்ந்து கிளம்பின யோசனை அஸ்ஸாம் வரைக்கும் போயிருக்கு.

எனக்கு இதுல ஒரு உறுத்தல் இருக்கு. நல்லதங்காள் தன்னைக் கொடுமைப்படுத்தினவங்களை ஒண்ணும் பண்ணல. பிள்ளைகளையும் தன்னையும்தான் அழிச்சுக்கிட்டா. அடிபடற பெண்ணைத் தன்னையே அழிச்சுக்கிறவளா பார்க்கும்போது நமக்கு இரக்கம் சுலபமா வருது. அவ கையைத் திருப்பி ஓங்கினா, அதே இரக்கம் தயங்கி நிக்குது. 'சிண்ட்ரோம்'ங்கிற வார்த்தையிலயும் அதே பிரச்சினைதான். அவளுக்கு ஏதோ நோய்ங்கிற மாதிரி ஆயிடுது. பல நேரம் அவ ரொம்பத் தெளிவாத்தான் யோசிச்சிருப்பா: "காலையில இவன் எழுந்தா நான் இருக்க மாட்டேன்."

நான் எங்க நிக்கிறேன்

இப்போ நேரடியா பதில் சொல்றேன். தூங்கற மனுஷனைக் கொல்றது நியாயம்னு சட்டம் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லிட்டா, யார் சாகத் தகுதியானவர்னு முடிவு பண்ற அதிகாரத்தை ஒரு தனி ஆள் கையில கொடுத்த மாதிரி. செத்தவர் வந்து தன் பக்கத்தைச் சொல்ல மாட்டார். அதைவிட, "என்னை ஆத்திரமூட்டினா"ங்கிற வாதத்தை உலகம் முழுக்க அதிகமா பயன்படுத்தினது மனைவியைக் கொன்ன ஆண்கள்தான். கதவை அகலமா திறந்தா, முதல்ல நுழையறது நாம யாருக்காகத் திறந்தோமோ அவங்களா இருக்காது. இங்கிலாந்து இதைப் புரிஞ்சுக்கிட்டு, 2009-ல கொண்டு வந்த சட்டத்துல 'திடீர்'ங்கிற நிபந்தனையை எடுத்துடுச்சு. கூடவே, துணை துரோகம் பண்ணதை மட்டுமே காரணமா சொல்லி இந்த வாதத்தைக் கொண்டு வர முடியாதுன்னும் சேர்த்துச்சு.

ஆனா நியாயம்னு சொல்ல மறுக்கிறது வேற, கொலைகாரின்னு முத்திரை குத்தறது வேற. சட்டம் அவளோட அந்த ஒரு ராத்திரியை மட்டும் பார்க்காம, அதுக்கு முன்னாடி போன வருஷங்களையும் பார்க்கணும். 2015-ல இங்கிலாந்து, அடிக்காமலே ஒருத்தரோட வாழ்க்கையை முழுசா கட்டுப்படுத்தறதையும் குற்றம்னு அறிவிச்சது. கணவனைச் சுத்தியலால அடிச்சுக் கொன்ன சாலி சாலன்ங்கிற பெண்ணோட கொலைத் தீர்ப்பு 2019-ல ரத்தாகி, அவங்க வெளிய வந்தப்போ, கணவரோட அந்தக் கட்டுப்பாடு வழக்கோட மையமா இருந்தது.

நம்ம சட்டத்துலயும் இதுக்கு இடம் இருக்கு. தற்காப்பு உரிமை எப்போ தொடங்குதுன்னு சன்ஹிதாவோட 40-ஆவது பிரிவு சொல்லுது: தாக்குதலோ மிரட்டலோ உண்டாக்குற நியாயமான பயத்துல தொடங்கி, அந்த பயம் நீடிக்கிற வரைக்கும் உரிமையும் நீடிக்கும். "காலையில உன்னை முடிச்சுடுவேன்"னு சொல்லிட்டுத் தூங்கப் போனவன் விஷயத்துல, அந்த பயம் தூக்கத்தோட முடிஞ்சுதா? என் பதில், முடியல. கூடவே இன்னொரு நிபந்தனையும் இருக்கு. போலீஸ் மாதிரி அரசு பாதுகாப்பைத் தேட நேரம் இருந்தா, தற்காப்பு உரிமை கிடையாது. தூங்கற ஆள் விஷயத்துல கேஸ் உடையறது பெரும்பாலும் இங்கதான். "அவன் தூங்கும்போது வெளிய ஓடியிருக்கலாமே, ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே?"

இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு சமூகத்துக்குத் தகுதி வேணும். 2019-21-ல எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, திருமணமான பெண்கள்ல கணவரோட வன்முறையை அனுபவிச்சவங்க இந்திய அளவுல 29 சதவீதம், தமிழ்நாட்டுல 38 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்கள்ல யார்கிட்டயாவது உதவி கேட்டவங்க நாட்டளவுல 14 சதவீதம்தான். போனவங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு நமக்குத் தெரியும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா", "குழந்தை முகத்தைப் பாரு", "சமாதானமா போங்க". ஒவ்வொரு கதவையும் சாத்திட்டு, கடைசியில "கதவு திறந்துதானே இருந்துச்சு"ன்னு கேட்கிறோம்.

தண்டனைப் பக்கமும் கவலைப்பட ஒண்ணு இருக்கு. கொலை ஆகாத மரணக் குற்றத்துல, கொல்லும் நோக்கம் இருந்ததுன்னு முடிவானா, பழைய சட்டத்துல குறைந்தபட்ச தண்டனைன்னு எதுவும் கிடையாது. ஜெயில்ல இருந்தது போதும்னு நீதிபதி அனுப்பலாம். புதுச் சட்டத்துல குறைந்தபட்சம் ஐந்து வருஷம். கிரண்ஜித் மாதிரி ஒரு பெண் இன்னைக்கு இங்க நின்னா, நீதிபதி இரக்கப்பட்டாலும் கை கொஞ்சம் கட்டப்பட்டிருக்கும். இதுக்கு ஒரு விலக்கு வேணும்ங்கிறது என் கருத்து.

அந்த ராத்திரி வராம இருக்க

முடிக்கிறதுக்கு முன்னாடி. இதைக் கேக்கறவங்கள்ல யாரோ ஒருத்தரோட அக்கா, தோழி, பக்கத்து ஃபிளாட்காரங்க இந்த நிலைமையில இருக்கலாம். நீங்களே இருக்கலாம்.

181 பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும். அவசரம்னா 112. ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடலைன்னாலும், கொடுத்த புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்க. அரசு மருத்துவமனைக்குப் போனா "வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லாதீங்க, யார் அடிச்சாங்கன்னு சொல்லுங்க. அது ஏஆர்ல பதிவாகும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு அலுவலர் மூலமா பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதை மீறினா அதுவே தனிக் குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். வக்கீலுக்குக் காசில்லைன்னு யோசிக்காதீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

ரசீதை எல்லாம் ஃபோட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பி வைங்க. வீட்டை விட்டு வெளிய வர அது உதவும். ஒருவேளை தற்காத்துக்க வேண்டிய நிலைமை வந்து, அவன் செத்து, கோர்ட் "முன்னாடி ஏன் யார்கிட்டயும் சொல்லல?"ன்னு கேட்டா, அந்தக் காகிதம் உங்களுக்காகப் பேசும்.

உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க "அவர் அடிக்கிறார்"னு சொன்னா, முதல் வார்த்தையா "ஏன் இன்னும் அங்க இருக்க?"ன்னு கேட்காதீங்க. "எங்க வீட்டுக்கு வா"ன்னு சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். பத்திரமா இருங்க.